வெயிலுக்கு எதிரே நின்றவள்

பாத்து தம்பி, பாத்து, கால வெச்சிடாதீங்க. கண்ணாடி அது. மடியிலயே வெச்சுக்கலாம்னுதான் பாத்தேன், முட்டி வலி, ரொம்ப நேரம் தாங்கல. நீங்க உக்காருங்க, உக்காருங்க. நான் இப்படி ஒடுங்கிக்கிறேன்.

நான் அன்னவாசல். நீங்க? இலுப்பூரா. அப்ப எனக்கப்புறம்தான் எறங்குவீங்க. தோள்ல மாட்டியிருக்கிறது கேமரா பைதானே? லேப்டாப்பா! அட, கேமராவாக்கும்னு நெனச்சு ஆசையா இடம் விட்டேன். சரி போங்க, உக்காந்தவர எழுப்பவா முடியும்.

நான் கரண்டு ஆபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா ஊருக்குள்ள வந்து கேட்டீங்கன்னா போட்டோக்காரர் கலியபெருமாள்னாத்தான் தெரியும். கல்யாணம் காதுகுத்துன்னு ப்ளாஷ் அடிச்சுக்கிட்டு ஓடுறாங்களே, அந்த போட்டோக்காரன் இல்ல. நான் எடுக்கிறது பாறை, மரம், பனந்தூரு. அதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. மூஞ்சி இருக்கு தம்பி. மூஞ்சி.

எங்க பக்கத்துப் பாறைங்கள பாத்திருப்பீங்க. பகல்ல பாத்தா வெறும் கல்லு, ஆடு ஏறி நிக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் சூரியன் அதுக்குப் பின்னால எறங்கட்டும். நீங்க வெயிலப் பாத்து நிக்கணும். வானத்து வெளிச்சத்துக்குத்தான் கேமராவ வெக்கணும், கல்லுக்கு வெக்கக் கூடாது. அப்ப வானம் செவப்பா நிக்கும், கல்லு மையா இருண்டுடும். இருண்டதும் பாருங்க, ஓரம் பேசும். இங்க நெத்தி, இங்க மூக்கு, இங்க உதடு, தாடை. நான் புடிச்சதுல பல்லுப் போன கெழவி ஒண்ணு இருக்கு, தொப்பி வெச்ச போலீஸ்காரர் ஒருத்தர் இருக்கார். கடனுக்கு வந்து நிக்கிறவன் மாதிரி ஒரு பனமரம். எல்லாத்துக்கும் மேல தாடிக்காரர். எங்க ஊருக்கு மேக்கால இருக்கிற பாறை. அப்படியே ஒரு பெரியவர் மோவாயத் தூக்கி வானத்தப் பாக்கிற மாதிரி. அத ஒரு பாங்கிக் காலண்டர்ல போட்டாங்க. மாவட்டப் போட்டியில பரிசும் அதுக்குத்தான். தாடிக்குக் கீழ சின்னதா ஒரு ஆள் நிக்கும், சோளக்கொல்லைப் பொம்மையாட்டம். அது என் வீட்டுக்காரி. தவமணி.

ஆள் நின்னாத்தானே தம்பி பாறையோட அளவு தெரியும்? இல்லன்னா கூழாங்கல்லுன்னு நெனச்சுடுவான் பாக்கிறவன். அதனால எங்க போனாலும் அவளக் கூட்டிட்டுப் போயிடுவேன். வண்டியில பின்னால உக்காருவா, மடியில கேமரா பை, கையில தண்ணி பாட்டில், தூக்குவாளியில ஏதாவது. கொற சொல்லக் கூடாது, நில்லுன்னா நிப்பா. "கொஞ்சம் தள்ளு"ன்னு கத்தினா தள்ளுவா. "தலைய சாய்க்காத, முதுக நிமுத்து"ன்னா நிமுத்துவா. சூரியன் எறங்குற வரைக்கும் அந்தப் பாறையிலயே நிப்பா, சூடு இருக்கும், செருப்பக் கழட்டச் சொல்லிடுவேன், ஓரம் கெட்டுப்போகும்ல.

ஒரே தொந்தரவு என்னன்னா, கெளம்புறதுக்கு லேட் பண்ணுவா. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி நிக்கிறேன், இவ தலை வாரிப் பூ வெச்சுக்கிட்டிருப்பா. நல்ல புடவையா எடுத்துக் கட்டுவா. பவுடர் வேற. "ஏய், நீ நிழலாத்தான்டி விழப்போற, இதெல்லாம் எதுக்கு"ன்னு கேப்பேன். "மூஞ்சி விழாதுன்னு தெரியுங்க, இருந்தாலும்"பா. இருந்தாலும்னா என்ன அர்த்தம் சொல்லுங்க? பொம்பளைங்க சமாச்சாரம். ஒரு நாள் அவ பவுடர் போட்டு முடிக்கிறதுக்குள்ள சூரியன் எறங்கிடுச்சு, அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாள் பேசல.

மூஞ்சி அவளுக்குச் சட்டுன்னு தெரியாது. "எங்கங்க, எனக்குத் தெரியலியே"ன்னு முழிப்பா. விரலப் புடிச்சுக் காட்டினாத்தான், "ஆமாங்க, இருக்குங்க"ன்னு சொல்லுவா. நெசமாவே தெரிஞ்சுதா, எனக்காகச் சொன்னாளா, யார் கண்டா. ஒரு தடவ சொன்னா, "உங்களுக்கு எல்லாமே ஆம்பள மூஞ்சியாவே தெரியுதுங்க"ன்னு. அதான் கெழவி இருக்காளேன்னேன். "பல்லு போனாத்தான் பொம்பளையா"ன்னு கேட்டா. வாய் கொஞ்சம் நீளந்தான்.

இன்னொரு தடவ, அவ தங்கம்மா பெரியம்மா மக கல்யாணத்துக்குக் கெளம்பி நிக்கிறா. "ஏங்க, நேரா நிக்கிறேன், என்னைய ஒண்ணு எடுங்களேன்"னா. உச்சி வெயில்! அந்த வெயில்ல எவனாவது படம் எடுப்பானா? மேல இருந்து அடிக்கிற வெளிச்சத்துல கண்ணு ரெண்டும் பள்ளமா விழும். சாயங்காலம் பாத்துக்கலாம்னேன். சாயங்காலம் அவளும் கேக்கல. இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அந்த மச்சினன் பேசின பேச்சு அப்படி. செல்லத்துரைன்னு பேரு, அவ தம்பி. என்னமோ நான் அவளுக்குச் சோறு போடாத மாதிரி பேசிட்டான் சபையில.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? கண்டக்டர் வர்றார் பாருங்க. சில்லறை இருக்கா? சரி.

போன மாசக் கடைசியில தம்பி. காலையில தெருக்குழாயில தண்ணி புடிச்சுட்டு வந்தா. குடத்த எறக்கி வெச்சா. உக்காந்தா. அவ்வளவுதான். நான் உள்ள லென்ஸ் தொடைச்சுக்கிட்டிருக்கேன். "காபி போடு"ன்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டிருக்கேன். பதில் வரலன்னு எட்டிப் பாத்தா செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. எனக்கு ஒண்ணும் தோணல. இப்பவும் ஒண்ணும் தோணல. கால் மரத்துப்போனா கிள்ளிப் பாப்போம்ல, கிள்ளுறது தெரியும், வலி தெரியாது, அப்படி இருக்கு. நான் அழலன்னு வேற ஒரு பேச்சு. அழுகை வரணும்ல? வந்தா அழமாட்டனா?

புள்ளை குட்டி கெடையாது எங்களுக்கு. அதனால எல்லாத்துக்கும் செல்லத்துரைதான் முன்னால நின்னான். வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல எங்களுக்குள்ள. அவன் வீட்டு விசேஷம் ஒண்ணுல என்னைய ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சான், நான் எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகாதன்னேன், தவமணியும் போகல. சொன்னா கேப்பா. சாவுக்குத்தான் வந்தான். வந்தவன் கேட்ட மொத வார்த்தை, "மச்சான், அக்கா போட்டோ ஒண்ணு குடுங்க, ப்ளக்ஸ் அடிக்கணும்."

எங்க பக்கம் உங்களுக்குத் தெரியும். பாடி ஐஸ் பெட்டிக்குள்ள போறதுக்குள்ள தெருமுனையில ப்ளக்ஸ் நிக்கணும். கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, வட்டத்துக்குள்ள மூஞ்சி, கீழ இழப்பால் வாடும்னு சொந்தக்காரன் பேரெல்லாம் வரிசையா. அது இல்லன்னா செத்தவங்களுக்கு மரியாதை இல்லன்னு ஆயிடும். நான் யோசிச்சேன். இருக்கிறதுலயே நல்ல படம் எதுன்னு. தாடிக்காரர்தானே? அதுலதான் அவ இருக்கா. பரிசு வாங்கின படம். போன்ல அனுப்பிட்டேன்.

அங்கதான் தம்பி கூத்து. ப்ளக்ஸ் அடிக்கிற பையன் அதப் பாத்திருக்கான். மூஞ்சி தெரிஞ்சிருக்கு அவனுக்கு. செத்துப்போனது இந்தப் பெரியவர்தான்னு நெனச்சு, தாடிக்காரர மட்டும் வட்டமா வெட்டி எடுத்து, சுத்திப் பூ வெச்சு, ரெண்டு பக்கம் குத்துவிளக்கு வெச்சு அடிச்சுட்டான். கீழ நின்ன தவமணிய வெட்டி எறிஞ்சுட்டான். ஆனா பேர் மட்டும் சரியா போட்டிருக்கான், திருமதி தவமணி கலியபெருமாள்னு. தெருமுனையில ஏழடி உசரத்துக்கு நிக்கிறார் தாடிக்காரர், எங்க வீட்டுச் சாவுக்கு.

மால எடுத்துட்டு வந்தவன்லாம் குழம்பிப் போயிட்டான். ஒரு பெரியவர் உள்ள வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, "உங்க அப்பா இவ்வளவு நாள் இருந்தாரா, எனக்குத் தெரியாதே"ன்னு கேக்கிறார். பொம்பளைங்க ஒப்பாரிய நிறுத்திட்டு வாசலப் பாக்கிறாங்க. சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க. உண்மையச் சொல்லணும்னா, எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒண்ணுந்தெரியாத ஒரு பையன், யாரும் காட்டாம, பாறைக்குள்ள மூஞ்சியப் பாத்துட்டான்ல? இத்தன வருஷத்துல அதுதான் தம்பி எனக்குக் கெடச்ச பெரிய பாராட்டு. சாவு வீட்ல அத யார்கிட்ட சொல்ல.

செல்லத்துரை போயி ப்ளக்ஸக் கிழிச்சான். கிழிச்சு, சுருட்டி, அப்படியே கொண்டாந்து என் காலடியில போட்டான். "பாறைக்கு மால போடவா நாங்க வந்தோம்? எங்கக்கா மூஞ்சி எங்க மச்சான்?"னு கேட்டான். எல்லாரும் நின்னு பாக்கிறாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. "தேடித் தர்றேன்"னேன். "பதினாறாம் நாள் படத்திறப்புக்கு அக்கா மூஞ்சி தெரியிற படம் இருக்கணும். படத்தைத் திறக்கிறது நான்தான். துணிய விலக்கிறப்ப அங்க அக்கா இல்லன்னா, அப்படியே எங்க சனத்தக் கூட்டிக்கிட்டு எறங்கிடுவேன், பந்தியில கை நனைக்க மாட்டேன்"னான். அவன் சொன்னா செய்வான். அக்கா மாதிரி இல்ல அவன், முரடு.

தேடினேன் தம்பி. தேடலன்னு சொல்லக் கூடாது. எங்க கல்யாணப் போட்டோ கஜா புயல்ல ஓடு பறந்தப்ப நனைஞ்சு, கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிரிச்சா ரெண்டு பேரும் தோலாட்டம் உரிஞ்சு வந்துட்டோம். ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு. அதப் பெருசு பண்ணினா எள்ளுருண்டைக்குக் கண்ணு வெச்ச மாதிரி இருக்கு. அவகிட்ட இருந்தது பட்டன் போன். அப்புறம் என் படமெல்லாம் திறந்து ஒவ்வொண்ணாப் பாத்தேன். எல்லாத்துலயும் இருக்கா. பாறைக்குக் கீழ இருக்கா, ஆலமரத்து ஓரமா இருக்கா, கொண்டை தெரியுது, தோள் தெரியுது, ஒண்ணுல காத்துல முந்தானை பறக்குது, அருமையான படம் அது. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல கறுப்பு.

கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும்னு சொல்றாங்களேன்னு புதுக்கோட்டைக்கு வந்தேன். முத்துக்குமரன்னு ஒரு ஸ்டுடியோக்காரர், நல்ல மனுஷன். "இந்தக் கறுப்ப மட்டும் வெளுப்பாக்குங்க, உள்ள அவ இருக்கா"ன்னு குடுத்தேன். ஏத்தினார், ஏத்தினார், கறுப்பு சாம்பலாச்சு, சாம்பல் புழுதியாச்சு. "சார், கேமரா மூஞ்சிய வாங்கிக்கிட்டிருந்தாத்தானே நான் எடுத்துக் குடுக்க முடியும்? இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல சார்"னார். அப்படி எப்படி இல்லாமப் போகும்? அவ அங்க நின்னாளே. நான் பாத்து நிக்க வெச்சனே.

அப்புறந்தான் பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சர் வந்துச்சு. "அண்ணே, எங்க மக கல்யாண வீடியோவுல அக்கா இருக்காங்கண்ணே"ன்னு. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகல, அன்னிக்கு மேகம் நல்லா இருந்துச்சு, பாறைக்குப் போயிட்டேன். தவமணி மட்டும் போனா. அதுவே அதிசயம், அன்னிக்கு நிக்கிறதுக்கு ஆளில்லாம நான் ஒரு ஆட்ட வெச்சு எடுத்தேன். டீச்சர் வீட்டு டீவியில போட்டாங்க. பெரிய ஹால், வரிசையா பொம்பளைங்க, ஒரே கூச்சல், பாட்டு. டீச்சர் படத்த நிறுத்திட்டு, "இதோ பாருங்கண்ணே, ரெண்டாவது வரிசை, பச்சைப் புடவை"ன்னு சொல்லிட்டு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுடுச்சு. அது அழறப்ப நான் என்ன கேக்கிறது? "ஆமாம்மா, அவதான்"னேன். பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துச்சு.

அதக் கொண்டுபோயி முத்துக்குமரன்கிட்ட குடுத்தேன். இன்னிக்குக் காலையிலதான். படத்திறப்பு இன்னிக்குத்தான் தம்பி, வீட்ல பந்தலெல்லாம் போட்டாச்சு, எல்லாரும் வந்தாச்சு. முத்துக்குமரன் அந்த இடத்துல நிறுத்தினார். நிறுத்திட்டு, "இதுல எந்தம்மா சார்?"னு கேட்டார். ரெண்டாவது வரிசையில பச்சைப் புடவை ரெண்டு பேர் கட்டியிருக்காங்க.

இருங்க, சொல்றேன். ஒருத்தி யார் வீட்டுப் புள்ளையையோ மடியில வெச்சுக்கிட்டு, தலையப் பின்னால போட்டு, வாயெல்லாம் பல்லாச் சிரிக்கிறா. அந்தப் புள்ள அவ மூக்கப் புடிச்சு இழுக்குது. இன்னொருத்தி வாய மூடிக்கிட்டு, நேரா, கல்லாட்டம் உக்காந்திருக்கா. நான் கிட்டப் போயிப் பாத்தேன். தள்ளி நின்னு பாத்தேன். பக்கவாட்டுல திரும்பினா எனக்குத் தெரிஞ்சிருக்கும், ரெண்டு பேருமே திரும்பல. வீடியோ லைட்டு வேற. மூஞ்சி மேல நேரா வெளிச்சத்த அடிச்சா எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி தட்டையாத்தான் இருக்கும், அதனாலதான் நான் அப்படி எடுக்கிறதே இல்ல. பச்சைப் புடவை அவகிட்ட இருக்கான்னு யோசிச்சேன். இருக்கலாம். நான் எடுக்கிற படத்துல எல்லாப் புடவையும் கறுப்புதானே.

மூக்குத்தி ரெண்டு பேருக்கும் இருக்கு. ஒருத்திக்கு இந்தப் பக்கம், இன்னொருத்திக்கு அந்தப் பக்கம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி? உங்க வீட்ல எந்தப் பக்கம் குத்தியிருக்காங்க? பாத்தீங்களா, நீங்களும் யோசிக்கிறீங்க! என்னைய மட்டும் கொற சொல்லுவாங்க.

டீச்சருக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். எடுத்துட்டு என்னன்னு கேக்கிறது? என் பொண்டாட்டி எதும்மான்னா? ஊர் சிரிக்காது? முத்துக்குமரன் வேற கடிகாரத்தப் பாக்கிறார். அப்பத்தான் தோணுச்சு. முப்பத்துச் சொச்சம் வருஷம் என்கூட இருந்திருக்கா, ஒரு நாள் ஒரு பொழுது அவ அப்படி வாய் விட்டுச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அப்ப அது எப்படி அவளா இருக்கும்? இல்லியா? சிரிக்காம இருக்கிறவளக் காட்டினேன். "இதுதான் எங்க வீட்டம்மா"ன்னேன். அவரும் வட்டம் போட்டு எடுத்து, பின்னால நீலத்த அடிச்சு, பெருசு பண்ணி, பிரேம் போட்டுக் குடுத்துட்டார். நல்லாத்தான் இருக்கு. ஒழுங்கா இருக்கு, குடும்பப் பாங்கா.

இதோ வளைவு வந்துடுச்சு, அடுத்த ஸ்டாப் எங்க ஊரு. அங்க வெள்ளை வேட்டியில நிக்கிறான் பாருங்க, அதான் செல்லத்துரை. கையில மாலையோட, பந்தல்ல இருக்காம இங்க எதுக்கு வந்து நிக்கிறான். கண்டக்டர் சார், மெதுவா, மெதுவா, வயசானவன் எறங்கணும்.

தம்பி, ஒரு ஒத்தாசை. இந்தப் பிரேம்ல சுத்தியிருக்கிற பேப்பரக் கொஞ்சம் பிரிங்க. நூலு பக்கத்துல வேணாம், இந்த மூலையில கிழிங்க, கிழிஞ்சா பரவால்ல. ம். இந்தக் கண்ணு, இந்த வாயி. முப்பது வருஷத்துக்கு மேல ஒருத்தன் சொன்ன இடத்துல எல்லாம் நின்ன பொம்பள மாதிரி இருக்கா? நீங்க அவளப் பாத்ததில்லதான். பரவால்ல, பாத்துச் சொல்லுங்க.